மண்மேட்டில் இரண்டு முகங்கள்

ஹரியானாவின் ராக்கிகடியில் கிடைத்த மண்டையோடுகளுக்கு விஞ்ஞானிகள் முகம் கொடுத்துவிட்டார்கள். அந்த முகம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சிக்கல்.

தில்லியிலிருந்து வடமேற்கே சுமார் 150 கி.மீ. ரோத்தக், ஹான்சி ஊர்களைத் தாண்டி நார்னவுந்த் பக்கம் திரும்பினால் சாலை குறுகிவிடுகிறது. குளிர்காலமென்றால் இருபுறமும் கோதுமை. நடுநடுவே கடுகுப் பூவின் மஞ்சள். டிராக்டர்களுக்கும் முர்ரா எருமைகளுக்கும் வழிவிட்டு வழிவிட்டுத்தான் வண்டி நகர முடியும். சமதளமாகக் கிடக்கும் அந்தப் பூமியில் திடீரென்று ஓரிடத்தில் நிலம் எழும்புகிறது. பார்க்கச் சிறு குன்று போலிருக்கிறது. உண்மையில் அது மனிதர்கள் வாழ்ந்து, வீடு இடிந்து, இடிந்ததன் மேலேயே மறுபடி கட்டி, அதுவும் இடிந்து உயர்ந்துபோன மண். ராக்கிகடி வந்துவிட்டது.

ஹிஸார் மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஊர் உண்மையில் இரண்டு ஊர்கள்: ராக்கி காஸ், ராக்கி ஷாபூர். திருஷத்வதி என்று பலர் அடையாளம் காணும் பழைய ஆற்றின் வறண்ட தடத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. தொல்லியல் துறையினருக்கு இங்குள்ள மேடுகள் 1, 2, 3 என்று எண்ணிடப்பட்டவை. முதலில் ஏழு என்றார்கள். பிறகு எண்ணிக்கை கூடியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஹரப்பா நாகரிகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று, மொஹஞ்சதாரோவையே மிஞ்சியது என்று வாதிடுபவர்கள் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது டீலா. மேடு, அவ்வளவுதான்.

மேட்டுக்கு ஊரில் நிறைய வேலை இருக்கிறது. சரிவில் பெண்கள் வறட்டி தட்டிக் காயவைக்கிறார்கள். காய்ந்த வறட்டியைக் குடிசை உயரத்துக்கு அடுக்கி, மழை நுழையாதபடி மேலே சாணமும் மண்ணும் பூசி மெழுகுகிறார்கள். எருமைகள் கட்டப்படுகின்றன. பையன்கள் விளையாடுகிறார்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மண் கரைந்து ஓட்டுச் சில்லும் மணியும் தலைகாட்டும். 4, 5 எண்ணிட்ட மேடுகளின் மேல் வீடுகளே இருக்கின்றன. 4,500 வருடப் பழமையான நகரத்தின் மாடியில் இன்றைய கிராமம் குடியிருக்கிறது என்று சொன்னால் தவறில்லை.

இந்த இடத்தைத் தொல்லியல் வரைபடத்தில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் 1960-களில் இப்பகுதியை ஆராய்ந்த சூரஜ் பான். 1997 முதல் 2000 வரை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறைக்காக அமரேந்திர நாத் இங்கே தோண்டினார். அடுத்த பெரிய அகழாய்வை 2010-களில் புணேயின் டெக்கான் கல்லூரி நடத்தியது. வசந்த் ஷிண்டே தலைமையிலான அந்தக் குழு கவனம் செலுத்தியது ஊருக்கு விலகி வயல்களுக்கு நடுவே கிடக்கும் 7-ம் மேட்டில். அது இடுகாடு.

53 புதைகுழிகள் அங்கே அடையாளம் காணப்பட்டன. பெரும்பாலான குழிகளில் ஒரே ஒழுங்கு. உடலை வடக்கே தலை வைத்து மல்லாக்கக் கிடத்தியிருக்கிறார்கள். தலைமாட்டில் பானைகள், தட்டுகள், தண்டு வைத்த தாம்பாளங்கள். போகிற வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தது போல. ஒரு குழியில் ஆணும் பெண்ணும் அருகருகே கிடந்தார்கள். ஆணின் முகம் பெண்ணை நோக்கித் திரும்பியிருந்தது. அந்தச் செய்தி வெளியானபோது பத்திரிகைகள் அதை ஒரு காதல் கதையாகவே எழுதித் தீர்த்தன. அவர்களுக்கும் முகம் என்று ஒன்று இருந்திருக்கும். அது எப்படி இருந்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் போன்ற ஒன்று 2019 அக்டோபரில் வந்தது. 'அனடாமிகல் சயின்ஸ் இன்டர்நேஷனல்' என்ற ஆய்விதழில், ராக்கிகடி இடுகாட்டைச் சேர்ந்த இருவரின் முகங்களை இந்திய, தென் கொரிய அறிஞர்கள் கூட்டாக வெளியிட்டார்கள். ஹரப்பா நாகரிகத்து மனிதர்களின் முகத்தை அவர்களது எலும்பிலிருந்தே விஞ்ஞான முறையில் மீட்க நடந்த முதல் பெரிய முயற்சி அது. அதுவரை ஹரப்பா முகம் என்றால் மொஹஞ்சதாரோவில் கிடைத்த 'பூசாரி அரசன்' கற்சிலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது சிற்பி செதுக்கிய முகம்.

புதைகுழிகள் பல இருந்தும் ஏன் இருவர் மட்டும்? இந்தப் பூமியின் வெயிலும் மண்ணின் ஈரமும் உப்பும் எலும்பை விட்டுவைப்பதில்லை. மேலே குவிந்த மண்ணின் எடையே மண்டையோட்டை நசுக்கிவிடும். முகம் மீட்க வேண்டுமானால் கண்குழி, மூக்குத் துவாரம், தாடை ஆகியவை ஓரளவுக்காவது முழுதாக இருக்க வேண்டும். அப்படித் தேறியவை இரண்டு.

வேலை இப்படித்தான் நடக்கிறது. முதலில் மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாண வடிவமாக ஏற்றுகிறார்கள். அசல் எலும்பை அதன் பிறகு தொட வேண்டியதில்லை. உடைந்த துண்டுகளைத் திரையிலேயே பொருத்தலாம். ஒரு பக்கம் சிதைந்திருந்தால் மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி நிரப்பலாம். இடுப்பெலும்பும் புருவ மேடும் ஆணா பெண்ணா என்று சொல்லும். பல் தேய்மானமும் எலும்பு மூட்டுகளும் வயதைச் சொல்லும்.

அடுத்தது சதை. நெற்றியில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். கன்னத்தில் அது பல மடங்கு. முகத்தின் குறிப்பிட்ட புள்ளிகளில் இந்தக் கனம் சராசரியாக எவ்வளவு என்பதற்கு அட்டவணைகள் இருக்கின்றன. அந்தந்தப் புள்ளியில் அந்தந்த உயரத்துக்கு ஆப்பு நட்டு, மெல்லும் தசை, சிரிக்கும் தசை, கண்ணைச் சுற்றிய தசை என ஒவ்வொன்றாக ஒட்டி, மேலே தோலைப் போர்த்துகிறார்கள். களிமண்ணில் செய்தாலும் கம்ப்யூட்டரில் செய்தாலும் இதுதான் வழி. மூக்கெலும்பின் நுனி எந்தக் கோணத்தில் இறங்குகிறது, மூக்கடியில் உள்ள சிறு முள்ளெலும்பு எங்கே நீள்கிறது என்பதை வைத்து மூக்கின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். வாயின் அகலத்துக்குப் பற்கள் துணை.

இந்த வித்தை பிறந்தது ஐரோப்பாவில். 1890-களில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் ஒரு தேவாலய இடுகாட்டில் கிடைத்த எலும்புகள் இசைமேதை பாக்கினுடையவைதானா என்ற கேள்வி எழுந்தது. வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறு நிபுணர் சடலங்களின் முகங்களில் ஊசி செருகிச் சதையின் கனத்தை அளந்தார். அந்தக் கணக்குப்படி ஸெஃப்னர் என்ற சிற்பி மண்டையோட்டின் வார்ப்பு மீது களிமண் அப்பினார். வந்த முகம் பாக்கின் ஓவியங்களுக்கு ஒத்துப்போனது. ஊசி அளவுதான் பின்னால் வந்த அட்டவணைகளுக்கெல்லாம் பாட்டி.

இதைப் பெரும் கலையாக வளர்த்தவர் சோவியத் ரஷ்யாவின் மிகயீல் கெராஸிமோவ். 1941 ஜூனில் சமர்கண்டில் தைமூரின் கல்லறை திறக்கப்பட்டபோது அங்கே இருந்தவர் அவர். 1398-ல் தில்லியைச் சூறையாடிவிட்டுப் போன அதே தைமூர். வலக்கால் எலும்பில் ஊனம் தெரிந்தது. வரலாறு அவரை 'நொண்டி தைமூர்' என்று அழைத்தது சரிதான் என்றானது. கெராஸிமோவ் அந்த மண்டையோட்டுக்குக் கொடுத்த கடுகடுத்த முகம்தான் இன்று பாடப் புத்தகங்களில் தைமூர்.

மன்னர்களை விட்டுவிட்டுக் கொலை வழக்குகளுக்கு வந்தால் கதை வேறு. அங்கே முதல் பெரிய வழக்கில் ஒரு இந்தியத் தொடர்பு இருக்கிறது. 1935-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் டாக்டராக இருந்த பக் ரக்ஸ்டன் பம்பாயிலிருந்து போன பார்ஸி. மனைவியையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் கொன்று, அடையாளம் தெரியாதபடி முகங்களைச் சிதைத்து, துண்டு துண்டாக ஸ்காட்லாந்தின் மாஃபட் அருகே ஒரு பள்ளத்தில் வீசியிருந்தார். கிளைஸ்டர், பிராஷ் என்ற இரு நிபுணர்கள் மண்டையோட்டின் படத்தைத் திருமதி ரக்ஸ்டனின் பழைய புகைப்படத்தின் மேல் அதே அளவில், அதே கோணத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. 1936-ல் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

ஒன்றன் மேல் ஒன்றைப் பொருத்தும் இந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு வங்காள வழக்கு ஒன்றில் இத்தகைய படத்தைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. சென்னையில் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் இதில் பெயர் பெற்றவர்.

இரண்டு முறைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பொருத்திப் பார்ப்பதற்கு ஒரு பெயரும் ஒரு புகைப்படமும் கையில் வேண்டும். இது அவர்தானா இல்லையா என்று அது சொல்லும். யாரென்றே தெரியாத எலும்புக்குத்தான் முகம் செய்கிறார்கள். செய்த முகம் நீதிமன்றத்தில் சான்றாக நிற்பதற்கானதல்ல. பத்திரிகையிலோ டி.வி.யிலோ அதைப் பார்த்து எங்கோ ஒரு அம்மா, ஒரு அண்ணன், பழைய சிநேகிதர் ஒருவர் போலீஸுக்கு போன் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் பல் மருத்துவக் குறிப்பும் டி.என்.ஏ. சோதனையும் வந்து தீர்ப்புச் சொல்லும். ஆக, முகம் சரியா தப்பா என்று முதலில் சொல்பவர் விஞ்ஞானி அல்ல, அந்த மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட்ட யாரோ ஒருவர்.

ராக்கிகடியில் இல்லாதது அந்த ஒருவர்தான். 4,500 வருடம் கழித்து, "இது எங்கள் சித்தப்பா" என்று சொல்ல யார் வருவார்கள்?

அதனாலேயே இங்கு எது அளவு, எது யூகம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாடையின் அகலம், கன்ன எலும்பின் மேடு, கண்களுக்கு இடையிலான தூரம் ஆகியவை எலும்பில் எழுதியிருப்பவை. மூக்கும் வாயும் கணக்கு. காது, உதட்டின் தடிமன், இமை, முடி பெரும்பாலும் யூகம். தோலின் நிறமும் கண்ணின் நிறமும் மண்டையோட்டில் இல்லவே இல்லை. செய்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். சதைக் கனத்தின் அட்டவணைகூட இன்றைய மனிதர்களை அளந்து போட்டது. ஹரப்பா மனிதனின் கன்னத்தில் ஊசி செருகியவர் யாருமில்லை.

செய்தி வெளியான வாரத்தில் இந்த வித்தியாசங்களுக்கெல்லாம் இடமில்லாமல் போயிற்று. மூக்கு எடுப்பாக இருக்கிறதே என்றார்கள் சிலர். நிறத்தை வைத்து வாதம் செய்தார்கள் வேறு சிலர். அதற்கு ஒரு பின்னணி உண்டு. அதற்கு முந்தைய மாதம், 2019 செப்டம்பரில், 'செல்' ஆய்விதழில் ராக்கிகடியின் மரபணு ஆய்வு வந்திருந்தது. 60-க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் போதுமான டி.என்.ஏ. கிடைத்தது, அதுவும் காதுக்குள் இருக்கும் கெட்டியான எலும்பிலிருந்து. அந்தப் பெண்ணிடம் மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் மரபுச் சுவடு இல்லை. இன்றைய தெற்காசியர்களில் வடக்கே தெற்கே என்றில்லாமல் பெரும்பாலோரிடம் அவள் சார்ந்த மக்களின் மரபு கலந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஆரியர் வந்தார்கள், வரவில்லை என்று இரு தரப்பும் மோதிக்கொண்டன. இரு தரப்பும் ஒரே கட்டுரையை ஆதாரம் காட்டின. அந்த மோதலுக்கு நடுவேதான் இரண்டு முகங்கள் வந்து விழுந்தன. முகத்தைப் பார்த்து வம்சம் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பிள்ளை பிறந்த வீட்டில் மூக்கு யார் பக்கம் என்று கேட்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். ஆனால் இரண்டு மண்டையோடுகள் ஒரு நாகரிகத்துக்கே மாதிரி ஆகிவிட முடியாது. பெரிய நகரத்தில் எல்லாவித மூக்கும் இருந்திருக்கும், இன்றைய தில்லியிலும் சென்னையிலும் இருப்பது போல.

இதே காட்சி தெற்கிலும் அரங்கேறியது. சிவகங்கை மாவட்டத்தில் கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகை, கீழடி மக்களின் இடுகாடு என்று கருதப்படும் இடம். அங்கே முதுமக்கள் தாழிகளில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் முகம் கொடுத்தது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையினர் இதில் பங்காளிகள். 2025-ல் படங்கள் வெளியானதும் "இதோ ஆதித் தமிழன்" என்று கொண்டாடியவர்கள் உண்டு. பக்கத்துவீட்டுப் பெரியவர் மாதிரி இருக்கிறாரே என்று சிரித்தவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் சொன்னதுதான் விஷயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த முகங்களுக்கு உள்ள ஒரே உறுதியான குணம், அவை மனித முகங்கள் என்பது. நடந்து போனவர், பசித்தவர், வயிறு நிறையச் சாப்பிட்டவர் என்று அவை காட்டுகின்றன. அதற்கு மேல் அவற்றின் மீது ஏற்றப்படுவது பார்ப்பவரின் சுமை.

ராக்கிகடியில் அந்தச் சுமை ஊரின் தலையிலும் விழுகிறது. 2012-ல் குளோபல் ஹெரிடேஜ் ஃபண்ட் என்ற அமைப்பு ஆசியாவில் பெரும் ஆபத்திலிருக்கும் 10 பாரம்பரிய இடங்களில் ஒன்றாக ராக்கிகடியைச் சேர்த்தது. 2020 பட்ஜெட்டில் மத்திய அரசு அருங்காட்சியகத்தோடு மேம்படுத்தப்போவதாக அறிவித்த ஐந்து தொல்லியல் இடங்களில் ராக்கிகடி ஒன்று. நம்முடைய ஆதிச்சநல்லூர் இன்னொன்று. 2022-ல் தொல்லியல் துறை மறுபடி மண்வெட்டியோடு வந்தது. 7-ம் மேட்டில் மேலும் இரண்டு பெண்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2024-ல் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் ராக்கிகடி மரபணு ஆய்வு இடம் பிடித்தது.

புகழ் ஏற ஏற ஊர்க்காரர்களின் கால் கட்டுப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். மேட்டின் மீதே வீடு வைத்திருப்பவருக்கு இதன் பொருள் எளிது. மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை கூட்ட முடியாது. விரிசல் விட்ட சுவரை இடித்துக் கட்டுவதற்கு யோசிக்க வேண்டும். மேட்டைக் காலி செய்துவிட்டு மாற்று வீட்டுக்குப் போவது பற்றிய பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. தாத்தா கட்டிய வீட்டை விட்டுப் போகச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? மறுபுறம், வறட்டி அடுக்கும் சரிவும் மண் எடுக்கும் பள்ளமும் ஒவ்வொரு வருடமும் பழைய நகரத்தைத் தின்கின்றன என்பதும் பொய்யல்ல. மேலே இருக்கும் வீட்டுக்கு ஆள் இருக்கிறது, கேட்க வாய் இருக்கிறது. கீழே இருக்கும் வீட்டுக்கு அரசு மட்டும்தான்.

ஊரைச் சுற்றி வந்தால் ஒன்று தோன்றாமல் இராது. இந்த மண்ணில் கிடைத்தவர்களில் முகம் இல்லாமலேயே அடையாளம் தெரிபவர்கள் இருக்கிறார்கள். 1997-க்குப் பிந்தைய அகழாய்வில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு தில்லியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கண்ணாடிக்குள் மல்லாந்து கிடக்கும் அவளைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் முதலில் பயந்து, பிறகு குனிந்து பார்ப்பார்கள். அவளுக்கு யாரும் சதையும் தோலும் வைக்கவில்லை. கையில் சங்கு வளையல்கள் மட்டும் இருக்கின்றன. 2022-ல் கிடைத்த பெண்களின் கைகளிலும் வளையல்கள் இருந்தன.

இந்த ஊருக்குக் கடல் வெகு தூரம். ஹரப்பா நகரங்களுக்குச் சங்கு வந்தது பெரும்பாலும் குஜராத் கரையிலிருந்து. யாரோ முத்துக்குளிப்பவர் போல் மூழ்கி எடுத்து, யாரோ ரம்பம் வைத்து வட்டமாக அறுத்து, யாரோ மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பி, இங்கே யாரோ அவள் கையில் போட்டிருக்கிறார்கள். செத்த பிறகும் அதைக் கழற்ற மனம் வராத யாரோ கூட இருந்திருக்கிறார்கள். மூக்கைப் போலவோ நிறத்தைப் போலவோ யூகம் செய்ய வேண்டிய விஷயம் அல்ல இது. கண்ணெதிரே இருக்கிறது.

சாயங்காலம் 7-ம் மேட்டுப் பக்கமுள்ள வயல்களிலிருந்து பெண்கள் தலையில் புல்லுக்கட்டோடு திரும்புகிறார்கள். முந்தானை முகத்தை மூடியிருக்கிறது. எதிரே வருபவர் யாரென்று முகம் தெரியாது. ஊரார் நடையைப் பார்த்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கட்டைத் தாங்கிப் பிடித்த கைகள் மட்டும் வெளியே தெரிகின்றன, வளையலோடு.